மேட்டில் நிறுத்திய லாரி

786

போடிநாயக்கனூர்
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மனைவி ரஹ்மத்துன்னிசாவுக்கு, உன் வீட்டுக்காரன் அப்துல் ஹமீது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் மகள் யாஸ்மினும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பாய். போனில் நான் பேசுவது உனக்குக் கேட்பதில்லை. யாஸ்மின் வாங்கி, அத்தா இப்படிச் சொல்றாங்க என்று உன் காதில் கத்துகிறாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதையெல்லாம் அப்படிக் கேட்கலாம். மகளைக் கத்திச் சொல்லவைக்க முடியாத பேச்சும் புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்கிறதே. அதனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை நீயே படி.

முதலில் நம் லாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ யாஸ்மின் பிரசவத்துக்குத் துணையாக மெட்ராஸ் போன கொஞ்ச நாளில் இன்ஜின் ஆயில் கசிய ஆரம்பித்தது. பழைய வண்டிதானே, இதெல்லாம் சகஜம் என்று ஊற்றி ஊற்றி ஓட்டினேன். பிறகு நிறுத்தின இடமெல்லாம் கருப்பாகத் தேங்கியது. பக்கத்து வீட்டு அன்னக்கொடி தன் வாசல்வரை வழிந்த எண்ணெயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே, அண்ணே, ஒங்க லாரி எங்க வாசல்ல கோலம் போடுது என்றாள். அது கேலி, போகட்டும். மேலே பூப்பாறை எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோர் பக்கமே வண்டியை விட மறுத்துவிட்டார்கள். எந்த வாடையையும் காய் இழுத்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். சரியாக்கிட்டு வா சேட்டா, இல்லெங்கில் வேண்டா என்று மலையாள மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை நிஜாம் போன் செய்தார். மாமா, வண்டியக் குடுத்துட்டு நீங்களும் இங்க வந்துருங்க, அத்தைக்கும் இந்த ஊரு பழகிப்போச்சு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் உனக்குப் பழகிவிட்டது என்று கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நீ சொன்னாயா, அவராகச் சொன்னாரா? பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்ததும் வந்துவிடுவேன் என்றுதான் நீ போனாய். இப்போது பிள்ளை குப்புற விழுகிறாள் என்கிறார்கள். லாரி ஒழுகுது மாப்பிள்ளை, இப்படியே எவன் வாங்குவான், மொதல்ல அதைச் சரி பண்ணிக்கிர்றேன் என்று மழுப்பிவிட்டேன்.

டவுனுக்குள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் குனிந்து பார்த்த மாத்திரத்தில், பின்னால் கிளட்ச் ஓரமாகச் சொட்டுது, உள்ளே சீல் போயிருச்சு, கியர்பாக்ஸை எறக்கணும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ராசிங்காபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் முத்துப்பாண்டியிடம் கொண்டுபோனேன். யாஸ்மின் நிக்காஹ் விருந்தில் எலும்பைக்கூட விட்டுவைக்காமல் சாப்பிட்டானே, அவன்தான்.

சொட்டுற எடத்தப் பாத்து முடிவு பண்ணக்கூடாதுண்ணே, ஒழுகுற எடம் வேறயா இருக்கும் என்றான். டீசல் ஊற்றி பிரஷ் போட்டு இன்ஜினைக் கழுவித் துடைத்தான். அப்புறம் மூஞ்சிக்குப் போடுற பவுடர் இருந்தாக் கொண்டாங்க என்றான். காய்ந்த இன்ஜின்மேல் தூவி ஓட்டினால், ஆயில் முதலில் வெளிவரும் இடத்தில் ஈரக்கோடு விழுமாம். கடைக்குப் போகச் சோம்பல்பட்டு வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் நீ விட்டுப்போன டப்பா இருந்தது. கோபிக்காதே, முக்கால்வாசி இன்ஜினுக்குப் போய்விட்டது. முந்தல் தாண்டி மலையில் கொஞ்ச தூரம் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். இன்ஜின் சூட்டில் கேபின் முழுக்க உன் வாசனை அடித்தது. அவன் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தால், இன்ஜின் தலையை மூடியிருக்கும் டேப்பெட் கவரின் பின் மூலையிலிருந்து ஈரக்கோடு இறங்கிக் கிளட்ச் ஓரத்தில் முடிந்திருந்தது. மலை ஏறும்போது வண்டி பின்பக்கம் சாய்கிறதல்லவா, மேலே கசிந்ததெல்லாம் பின்னால் ஓடி அங்கே சொட்டியிருக்கிறது. கவருக்கு அடியில் இருந்த கார்க் பேக்கிங் அப்பளம் மாதிரி நொறுங்கியது. புதுசு மாற்றினான். கியர்பாக்ஸைத் தொடவேண்டிய வேலையே இல்லை.

அத்தோடு தீர்ந்தது என்று இருந்தேன். சில நாளில் புதுப் பேக்கிங்கையும் மீறி மறுபடி ஈரம். முத்துப்பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. எவ்வளவு ஆயில்ணே ஊத்துறீங்க என்றான். தினமும் காலையில் ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறேன், குறைவாகக் காட்டுகிறது, ஊற்றுகிறேன் என்றேன். அவன் பட்டறைக்குள் சமமான தரையில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்டிக்கை உருவினான். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்றது. வீட்டில் எங்கே நிறுத்திப் பார்க்கிறீர்கள் என்று கேட்டான். தெரு மேட்டில் என்றேன். தலையில் அடித்துக்கொண்டான்.

வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் ஆயில் பின்னால் போய்விடும், ஸ்டிக்கில் குறைவாகத்தான் தெரியும். இத்தனை வருஷம் லாரி ஓட்டியவன் அதை நம்பி ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். அளவு மீறினால் இன்ஜின் அதைக் கலக்கி அடித்து, தளர்ந்த இடமாகப் பார்த்து வெளியே தள்ளுமாம். எப்பவும் காம்பவுண்டுக்குள்ளதான நிப்பாட்டுவீங்க, இப்ப என்னத்துக்குத் தெருவுல போடுறீங்க என்று கேட்டான். டீ வாங்கி வருகிறேன் என்று அவனிடமிருந்து நழுவிவிட்டேன்.

உனக்குச் சொல்கிறேன். காம்பவுண்டுக்குள் ரிவர்ஸ் எடுக்க, பின்னால் நீ இல்லை. நீதான் பின்பலகையில் தட்டுவாய். தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம், ஓங்கி ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. நான் பேசுவது உனக்குக் கேட்காமல் போன பிறகும், நீ தட்டுவது எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நீ போன பிறகு அன்னக்கொடி வீட்டுக்காரர் மொக்கையன் உதவிக்கு வந்தார். வண்டி இடித்து நின்ற பிறகும் வரலாம் வரலாம் என்று கத்திக்கொண்டிருந்தார். நீ துணி துவைக்கிற கல் இரண்டாகப் போய்விட்டது, இப்போதுதான் சொல்கிறேன். அன்றிலிருந்து உள்ளே விட எனக்கு மனசே வரவில்லை. மேட்டில் நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிடுகிறேன்.

முத்துப்பாண்டி அதிகமாக இருந்த ஆயிலை இறக்கினான். ஒழுகல் நின்றுவிட்டது. நேற்று எஸ்டேட்டில் ஸ்டோர் வாசல்வரை விட்டு ஏலக்காய் மூட்டை ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் மாப்பிள்ளையிடம் சொல்ல இனி எனக்குச் சாக்கு இல்லை. இந்த வண்டியை விற்க எனக்கு மனமில்லை, ரஹ்மத்து. நீயில்லாத வீட்டில் இருக்கவும் முடியவில்லை. சோறு வடித்து வைத்துவிட்டு, பசிக்கவில்லை என்று வெறும் டீயோடு எழுந்துவிடுகிற நாள் உண்டு. பேத்தியை விட்டுவிட்டு வருவது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், அதனால் வா என்று உத்தரவு போடவில்லை. அங்கேதான் உனக்கு நிம்மதி என்றால் உன் கையால் ஒரு வரி எழுது. வண்டியைக் கொடுத்துவிட்டு நான் வந்துவிடுகிறேன். மாப்பிள்ளை சொல்லி, யாஸ்மின் சொல்லி எனக்குத் தெரியவேண்டாம். நீ சொல்லவேண்டும்.

வருவதாக இருந்தால், இப்போது மெட்ராஸிலிருந்து போடிக்கே ரயில் வருகிறது, நடுவில் மாறி ஏற வேண்டாம். ஸ்டேஷனுக்கு லாரியோடு வருவேன். வீட்டு வாசல் வந்ததும் நீ இறங்கிப் பின்னால் போய் நில். ஒன்றும் பேச வேண்டாம், தட்டினால் போதும்.

ரப்புல் ஆலமீன் உனக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தரட்டும். பேத்திக்கு என் முத்தம்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
மு. அப்துல் ஹமீது

பி.கு: பவுடர் புது டப்பா வாங்கி, பழையது இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை.