இல்க்கியாவின் முதல் வார்த்தை

எலூல் மாதம் 3
உப்புக்காரர் இன்று வசமாக மாட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் இல்க்கியா விடுவாரா? காதும் கேளாமல் பேச்சும் வராமல் சிறுபிள்ளையாக இருந்த தன்னைப் போதகர் தொட்டது, வாய் திறந்தது, எங்கள் பெத்சாயிதா ஊரே திரண்டது, எல்லாம் முதலிலிருந்து. ஒன்பது வயதுவரை பேசாத பாக்கியை வட்டியோடு தீர்க்கிறார். அற்புதத்தைப் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். அதோடு குடித்தனம் நடத்துகிறவளை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்குக் காது கொடுப்பது நான் எழுதும் இந்தப் பானை ஓடுகள்தான். சுங்கம் வசூலித்த அப்பா எழுத்துக் கற்றுக்கொடுத்தாரே, பிழைத்தேன்.

எலூல் 5
அந்தியோகியாவிலிருந்து அரிஸ்தோன் என்ற எழுத்தர் வந்திருக்கிறார். போதகரைக் கண்டவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேருகிறார்கள். மிச்சமிருப்பவர்களிடம் கேட்டெழுதி, சபைகளில் வாசிக்கப் போகிறார்களாம். இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொல்ல வேண்டும். "பொம்பளைங்க சாட்சி செல்லாது" என்று எங்கள் ஜெப ஆலயத்து மெனாகேம் மூப்பர் எடுத்துக் கொடுத்தார். எழுத்தர் அப்படி ஒரு விதியைக் கேட்டிருக்கவே இல்லை.

சாயங்காலத்துக்குள் போதகர் கையால் அப்பம் வாங்கித் தின்றவர்கள் ஊரில் பெருகிவிட்டார்கள். பாதிப் பேர் அப்போது தொட்டிலில்கூடக் கிடையாது.

எலூல் 6
வீட்டில் ஒத்திகை. மீன்காரர் நாகூமும் வலை பின்னும் அசரியாவும் சாட்சிகளாம். இருவருக்கும் என் பயற்றங்கூழ்.

"நான் வாயத் தொறந்ததும் என்ன சொன்னேன்?" என்று கேட்டார் இல்க்கியா.

"தாவீதோட மகனே, உமக்கு மகிமைன்னு சொன்னேப்பா."

"ஏரிக்கரை பூரா கேட்டுச்சு. அப்புறம், அது ஓய்வுநாள். மறந்துடாதீங்க."

"ஓய்வுநாளா?" என்றார் நாகூம்.

"ஒரு வேலையும் செய்யக்கூடாத நாள்ல நடந்தாத்தான்யா சட்டம் பேசுற பரிசேயருக்குக் கோபம் வரும். கோபம் வந்தாத்தான் எழுதுவாங்க."

இவர் வாய் திறந்த அன்று நான் அங்கே இருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டுப் பெண் நான். இவர் கேட்டது "அம்மா எங்க?" அதுதான் முதல் வார்த்தை. அந்த வசந்தத்தில்தான் அவள் செத்திருந்தாள். காது கேளாத பிள்ளைக்குச் சாவை எப்படிச் சொல்வது? யாரும் சொல்லவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தான். போதகர்தான் தரையில் உட்கார்ந்து, அவனை மடியில் போட்டுக்கொண்டு, சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

அது எழுதப்பட வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

"அம்மாவக் கேட்டத சொல்ல மாட்டீங்களா?" என்றேன்.

"மூக்கு ஒழுக அழுத பயல யாருடி சபையில வாசிப்பா?"

எலூல் 7
கோபத்தில் கூழ் அடிப்பிடித்தது. அதையும் பிரமாதம் என்று சொல்லித் தின்றார்கள். சாட்சிகள்!

எலூல் 9
ஜெப ஆலயத்தில் ஊரே கூடியிருந்தது. நாகூம் முதலில் எழுந்தார்.

"அன்னைக்கு ஓய்வுநாளுங்க. நான் ரெண்டு கூடை மீனத் தலையில சுமந்துக்கிட்டு அந்தப் பக்கமா வந்தேன்..."

மெனாகேம் மூப்பர் நிமிர்ந்தார். "ஓய்வுநாள்ல மீன் சுமந்தியா?"

"சின்னக் கூடைங்க."

"அந்த மீனப் பிடிச்சது என்னைக்கு?"

நாகூம் அசரியாவைப் பார்த்தார். அசரியா கூரையைப் பார்த்தார்.

"அப்படின்னா அது ஓய்வுநாள் இல்லீங்க," என்றார் நாகூம். அசரியாவுக்கு முறை வந்தபோது, அன்று அவர் ஊரிலேயே இல்லை என்று நினைவு வந்துவிட்டது.

எழுத்தர் மெழுகுப் பலகையைத் தேய்த்து அழித்தார். "வேற யாராவது பாத்தீங்களா?"

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். எப்படி எழுந்தேன்? தெரியவில்லை. அம்மாவைக் கேட்டது, மடி, அழுகை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"செல்லாது," என்றார் மூப்பர்.

"ஒரு ஆம்பள ஒத்துச் சொன்னா எழுதிக்கிறேன்," என்றார் எழுத்தர்.

எல்லோரும் இல்க்கியாவைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக ஏரிக்கரையில் முழங்கிய மகிமையை இவர் கைவிடுவாரா? இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் முன்னால் நான் பொய்க்காரி. எழுந்தார்.

"அவ சொல்றதுதான் நடந்துச்சு. அம்மா எங்கன்னுதான் கேட்டேன். அவரு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு."

சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

எலூல் 11
எழுத்தர் புறப்படுமுன் வாசித்துக் காட்டினார். பேச்சு வராத ஒரு பையன் பேசினான், ஜனங்கள் வியந்தார்கள். அவ்வளவுதான்.

"அம்மாவக் கேட்டது?" என்றேன்.

"சுருள்ல எடம் பத்தலம்மா. அதோட, போதகர் தரையில உக்காந்து அழுதார்னா வாசிக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

எழுத்தருக்கு மெனாகேம் மூப்பர் செய்த உபசாரத்துக்கு மட்டும் இடம் பத்தியிருக்கிறது. தகப்பன் பெயரோடு.

எலூல் 12
பாவிகள்.

எலூல் 16
ஒரு வாரமாக வீட்டில் கதை இல்லை. அழுகைக்காரன் என்று சந்தையில் சிரிக்கிறார்களாம். என்னால்தானே. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

இன்று மாவு பிசையும்போது எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எப்சிபா, எங்க அம்மா மொகம் எனக்கு ஞாபகமே இல்ல. நீ பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். முன்பல் இரண்டுக்கு நடுவே சந்து இருக்கும், சிரித்தால் கையால் மூடிக்கொள்வாள் என்றேன். காது கேளாத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள் என்றும் சொன்னேன். உலக்கையால் தரையில் இரண்டு தட்டு. காலடியில் அதிர்ந்ததும் எங்கிருந்தாலும் ஓடி வருவான்.

குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.