உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்

தெற்கு டெக்சாஸ்,
மே மாதம், செவ்வாய்க்கிழமை.

பிரிசில்லாவுக்கு,

ஓராலியா கனாலெஸ் எழுதுவது. சிறையில் இருப்பவளிடம் சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உடம்பையாவது பார்த்துக்கொள். நீ முதலில் எதைத் தேடுவாய் என்று தெரியும், அதனால் அதையே முதலில் சொல்கிறேன். உன் மகள் யாரெலி நன்றாக இருக்கிறாள். முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் பொக்கை வாய். அதைக் காட்டுவதற்காகவே சிரிக்கிறாள்.

நீதிமன்றத்தில் என்னை ஒருமுறை பார்த்திருப்பாய். நீல உடுப்பு, நரைத்த கொண்டை. நான் வக்கீல் இல்லை, சம்பளமும் இல்லை. உன் மகளுக்காகப் பேச நீதிபதி நியமித்த தொண்டர். பிள்ளைக்கு எது நல்லது என்று பார்த்துச் சொல்வது மட்டும்தான் என் வேலை.

மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாதவள் நான். மெக்சிகோவிலிருந்து திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்த ஐந்து பேரைக் காரில் அடைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையையும் நடுவில் உட்கார வைத்து, போலீஸ் துரத்தத் துரத்த மாட்டுப் பண்ணைக்காரர் வேட் ஹாலோவேயின் வேலியை உடைத்துக்கொண்டு போய் நின்றாயே, உனக்குப் புத்தி எங்கே போயிற்று? வந்தவர்கள் புதருக்குள் ஓடிவிட்டார்கள். பிள்ளை மட்டும் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லையில் வேலி வேண்டும் என்று ஓட்டுப் போட்டவள் நான், இனியும் போடுவேன். உன் மாதிரி ஏமாளிகளுக்குப் பணத்தாசை காட்டி வண்டி ஓட்ட வைக்கிறானே, அவன் கொட்டம் அடங்க வேண்டும் என்பதும் அதில் ஒரு காரணம்.

வேட் கிழவரின் கோபம் என்னுடையதைவிடப் பெரிது. நீ உடைத்த இடைவெளி வழியாக அவருடைய சினைப்பசு நெடுஞ்சாலைக்குப் போய் லாரியில் அடிபட்டுச் செத்தது. நீதிமன்ற வராந்தாவில் என் முகத்துக்கு நேரே, “அந்தப் பொம்பளைய வெளிய விட்டா நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேன், பாத்துக்கோங்க” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

யாரெலியை எங்கே வைப்பது என்பதுதான் எல்லோருக்கும் கவலை. உன் அண்ணன் எஃப்ரேன் வீடு அதிகாரிகளின் சோதனையில் தேறாவிட்டால் அமரில்லோவில் முன்பின் தெரியாத குடும்பத்துக்கு அனுப்புவதாக இருந்தார்கள். ஒருநாள் முழுக்க வண்டி ஓட்டினால்தான் அமரில்லோ வரும். அங்கே போன பிள்ளையை யார் போய்ப் பார்ப்பது?

எஃப்ரேன் கடனுக்காக வங்கி வாசலை மிதிக்காதவன் என்று உனக்குத் தெரியும். சொந்த மனை, கூலி வரும்போது ஒரு சுவர், போனஸ் வந்தால் கூரை. அப்படிக் கட்டுகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. யாரெலிக்காக ஓர் அறையைக் கட்டி முடித்து, அவள் கேட்ட மஞ்சள் நிறமே அடித்தான். ஜன்னலுக்குக் கனமான இரும்புக் கம்பி வைத்து நாலு பக்கமும் பற்றவைத்தான். எல்லை ஓரத்தில் கம்பி இல்லாத ஜன்னல் ஏது? “சபாஷ் எஃப்ரேன், பூனைகூட நுழையாது” என்று நானும் தட்டிக் கொடுத்தேன்.

பிள்ளைகள் நலத்துறையிலிருந்து வீட்டைச் சோதிக்க வந்த பெண் சின்னவள். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். “உள்ள தீப்பிடிச்சா பிள்ளை எந்த வழியா வெளிய வரும்?” என்று கேட்டாள். வெளியாள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதை மட்டுமே நாங்கள் யோசித்திருந்தோம். திங்கட்கிழமை மறுபடி வருவேன், அதற்குள் சரியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எஃப்ரேன் கம்பியை அறுத்தே போடுகிறேன் என்று கிளம்பினான். உன் அண்ணி நெல்டா குறுக்கே நின்றாள். “ராத்திரி எவன் எவனோ கொல்லைப்பக்கம் நடந்து போறான். கம்பி இல்லாத ரூம்ல பிள்ளையத் தூங்க வைக்க என்னால ஆகாது” என்று அழுதாள். இரண்டும் நியாயம்தான். கடைசியில் அவள் மாதா கோயில் பூசையில் எழுந்து நின்று, ஜன்னல் விஷயத்தைச் சொல்லி, எங்களுக்காக ஜெபியுங்கள் என்று ஊரறியச் சொன்னாள்.

சனிக்கிழமை யாரெலியை வீடு காட்ட அழைத்துப் போயிருந்தேன். அப்போது வாசலில் வந்து நின்ற வண்டி யாருடையது என்று நினைக்கிறாய்? வேட் ஹாலோவேயுடையது. வேலி ஒட்டி ஒட்டியே தேய்ந்துபோன ஒரு வெல்டிங் மெஷின் பின்னால் இருந்தது. சண்டைக்கு வந்துவிட்டார் என்று எஃப்ரேன் வெளிறிப் போனான். கிழவர், “ஜன்னல் எங்க?” என்று மட்டும் கேட்டார். ஆண்டவரே, நெல்டா பூசையில் சொன்னது இவர் காதிலும் விழுந்திருக்கிறது!

கம்பியை மூன்று பக்கம் அறுத்தார். நாலாம் பக்கம் கீல் வைத்தார். தாழ்ப்பாளை உள்பக்கமாக, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் பற்றவைத்தார். வெளியிலிருந்து யார் என்ன குடைந்தாலும் திறக்காது. பிறகு உச்சி வெயிலில் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, “திற பாப்பா, இப்ப மூடு, மறுபடியும் திற” என்று விடாமல் பழக்கினார். நெல்டா சாப்பிடக் கூப்பிட்டும் நகரவில்லை. இந்த மனிதரையா நான் கல் நெஞ்சக்காரர் என்று நினைத்தேன்!

“எப்பெல்லாம் திறப்ப, சொல்லு பாப்பா” என்று கேட்டார்.

“தீப்பிடிச்சா திறப்பேன், மிஸ்டர் வேட்” என்றாள். கொஞ்சம் யோசித்து, “எங்கம்மா வந்தாலும் திறப்பேன்” என்றாள்.

யார் அவள் அம்மா என்று கிழவருக்குத் தெரியாதா? தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உங்கம்மா ஜன்னல் வழியா வர வேண்டாம், கண்ணு” என்றார். “வாசல் வழியா வரட்டும். தட்டிட்டு வரட்டும். அப்ப யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.”

நேற்று அந்தப் பெண் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். இன்று காலை நீதிபதி யாரெலியை எஃப்ரேனிடம் ஒப்படைத்தார். இப்போது மஞ்சள் அறையில் இருக்கிறாள். தாழ்ப்பாளைத் திறந்து மூடித் திறந்து மூடி நெல்டாவின் உயிரை வாங்குகிறாளாம்.

மகளே, உன் தண்டனையை ஒழுங்காக முடி. பழைய கூட்டாளிகள் கடிதம் போட்டால் கிழித்துப் போடு. கர்த்தர் உன்னைக் காக்கட்டும். வெளியே வந்ததும் நேராக எஃப்ரேன் வீட்டுக்கு வா. பட்டப்பகலில் வா. வாசற்கதவைத் தட்டு.

திறக்க ஓடிவருவதற்கு ஆள் இருக்கிறது.

உனக்காகவும் ஜெபிக்கும்,
ஓராலியா கனாலெஸ்