தொடுதிரைக்குக் காவல் இருந்த கதை

மாப்ள,

இன்று காலை தொடுதிரையைத் துடைக்க, கண்ணாடி துடைக்கும் நீல மருந்தைத் துணியில் தெளித்தேன். அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். டிக்கெட் கவுண்ட்டரில் உன் நாற்காலியில் இப்போது வேறு ஆள். நம் மியூசியத்தின் தொடுதிரை மட்டும் இன்னும் ஓடுகிறது, அது உன்னால்தான்.

அதை வைத்த புதிதில் பட்ட பாடு கொஞ்சமா? விரலால் தொட்டால் திரையில் முதுமக்கள் தாழி சுழலும், உள்ளே இருப்பதும் தெரியும். ஒரு மாதம் பார்ப்போம், யாரும் தொடாவிட்டால் வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார் அதிகாரி. பார்க்க வருகிறவர்களிடம் கருத்துப் படிவம் வாங்குவதும் காவலாளியான என் வேலை. பேனாவை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன். எல்லோரும் ‘மிக நன்று’ என்றே டிக் அடித்தார்கள். பத்தாவதோடு நின்றுபோன நான், பெரிய ஆராய்ச்சி முடித்தவன் மாதிரி அந்தப் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். திரைக்குள் பதிவான கணக்கோ, நாளுக்கு நாலு பேர்கூடத் தொடவில்லை என்றது. மிஷின்தான் பொய் சொல்கிறது என்று நான் அடித்துப் பேசினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நீ தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாய். எழுமலையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்த அம்மா விரலை நீட்டினார். நான் ஸ்டூலில் இருந்தபடியே தொண்டையைச் செருமினேன். விரல் மடங்கிவிட்டது. சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், ‘மிக நன்று’ போட்டுவிட்டுப் போனார். பதினெட்டு வருஷமாகத் தொடாதீங்க, தொடாதீங்க என்று சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். செருமியதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“மிஷின்ல பழுதில்ல மாப்ள. பழுது ஸ்டூல்ல உக்காந்திருக்கு” என்றாய்.

ஆனால் அதிகாரியிடம் நீ என் பேச்சையே எடுக்கவில்லை. வழியை மறைக்கிறது, ஸ்டூலை வெளிக்கதவோரம் போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாய். அந்த வாரமே திரைக்கு முன்னால் கூட்டம். மேலூர்க்காரர் ஒருவர், “எம்புட்டு ஆழம்!” என்று தாழிக்குள் தலையை விடப்போவது போலக் குனிந்தார். நீ கவுண்ட்டரில் இருந்தபடி, என்னைப் பார்த்து மெல்லச் செருமிக் காட்டினாய்.

போன ஞாயிறு என் மகள் மிக்சியைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தாள். நான் கத்துவேன் என்று அவள் அம்மா என் முகத்தையே பார்த்தாள். தொண்டை வரை வந்தது மாப்ள. விழுங்கிவிட்டு எழுந்து அடுத்த அறையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது.

“அப்பா, ஒரு ஸ்குரூ மிச்சம் இருக்கு” என்றாள்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.