சஹானாவோடு கூட வந்த குரல்

பிப்ரவரி 3

அன்புள்ள சகலைக்கு,

நான் நலம். உங்கள் நலமும், கண்ணாடிக் கடையின் நலமும் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய வீணை கேசட் கிளினிக் விலாசத்துக்குப் பத்திரமாக வந்தது. யாரும் சந்தேகப்படக் கூடாது என்று உறையின் மேல் “பல் மருந்து, மாதிரி” என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் புத்தியை மெச்சிக்கொண்டே சொல்கிறேன், நர்ஸம்மா அதை நம்பி மருந்து அலமாரியில் பூட்டிவிட்டார். பாட்டைத் தேடி எடுப்பதற்குள் எனக்கே ஒரு பல் விழுந்துவிடும் போலாகிவிட்டது.

அதிலிருந்த பைரவி ராகத்தைக் கேட்டேன். உங்களுக்கு உயிர் என்பதால் எனக்கும் உயிர் என்று பொய் சொல்ல மாட்டேன். வீணைக்காரர் ஆலாபனையை முடிப்பதற்குள் நான் ஒரு பல்லைப் பிடுங்கி, இன்னொன்றை அடைத்து, கையும் கழுவிவிட்டேன். நீங்கள் விளம்ப காலத்து ஆள். கண்ணாடி வாங்க வருகிறவரை உட்காரவைத்து, இந்த எழுத்து தெரிகிறதா, அந்த எழுத்து தெரிகிறதா என்று சாவகாசமாகக் கேட்பவர். வாயைத் திறந்துகொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் இருப்பான், சொல்லுங்கள். ஆனால் ஓரிடத்தில் தந்தியை இழுத்துவிட்டு அவர் சும்மா இருக்கிறாரே, அங்கே நாற்காலியில் இருந்த ஆள் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டார். ஊசி போட்டது அவருக்குத் தெரியவே இல்லை. அந்த ஓர் இடத்துக்காக உங்கள் பைரவியை ஏற்றுக்கொள்கிறேன்.

பதிலுக்கு என் பங்கு, நாகஸ்வரத்தில் மோகனம். சின்னதுதான், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். என் கிளினிக்கில் மிருதங்கம் தனியாக வாசிக்கிற கேசட் மட்டும் போட முடிவதில்லை. காத்திருப்பவர்கள் உள்ளே என்னவோ உடைகிறது என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

வீட்டில் பழைய கதைதான். பாட்டு என்ற பேச்சே கிடையாது. உங்கள் கொழுந்தியாள் வரும் சத்தம் கேட்டால் நான் ரேடியோவைச் செய்திக்குத் திருப்பிவிடுகிறேன். அக்கா தங்கையைக் கட்டிய பாவத்துக்கு நாம் இருவரும் கள்ளக் காதலர்கள் மாதிரி கடை விலாசத்திலும் கிளினிக் விலாசத்திலும் சந்தித்துக்கொள்கிறோம். இவர்கள் பேசாமலிருப்பது ஒன்பதாவது வருஷம். நம் காலத்துக்குள் தீருமா?

அன்புடன்,
உங்கள் இளைய சகலை


பிப்ரவரி 21

அன்புள்ள சகலைக்கு,

மோகனம் கிடைத்தது. கடையில் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் சந்தோஷமாக ஓடுகிற மாதிரி இருக்கிறது. உட்கார்ந்து கேட்க எனக்குத் திண்டாட்டமாகிவிட்டது. ஆனாலும் இரண்டாம் தடவை போட்டேன், மூன்றாம் தடவையும் போட்டேன். இதற்கு மேல் பாராட்டு என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நம் காலத்துக்குள் தீருமா என்று கேட்டிருந்தீர்கள். சண்டை மூண்ட அந்த விருந்துக்கு நீங்கள் பின்னால்தான் வந்தீர்கள், நடந்ததை உங்கள் மனைவி சொல்லித்தான் கேட்டிருப்பீர்கள். நான் பக்கத்தில் இருந்தவன். அக்காளும் தங்கையும் சேர்ந்து சஹானா ராகத்தில் ஒரு பாட்டை எடுத்தார்கள். சின்ன வயதிலிருந்து சேர்ந்தே பாடியவர்கள் ஆயிற்றே, கூடம் நிறைய சொந்தக்காரர்கள் வாயடைத்துப்போய்க் கேட்டார்கள். சரணத்தில் உங்கள் மனைவிக்கு ரிஷப ஸ்வரம் ஒரு நூல் இறங்கிவிட்டது. என்னைப் போன்றவர்களுக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. என் வீட்டம்மா கையை உயர்த்தி, “நிறுத்து, சுதி சேரல” என்றாள். அவ்வளவுதான். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். வீட்டில் ஆயிரம் தடவை சொன்னதுதான். ஆனால் சபையில் சொல்லிவிட்டாள். யாரோ சிரித்தும்விட்டார்கள். சின்னவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான்.

சரியாகத்தானே சொன்னேன் என்பது இவள் கட்சி. சரியாகவே இருந்தாலும் சபையில் சொல்வாளா என்பது அவள் கட்சி. இருவரும் பக்கத்துக்கொரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டையே விட்டுவிட்டார்கள். இவளும் அதற்குப் பிறகு யார் முன்னாலும் பாடியதில்லை. கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறாள்.

போகட்டும். போன வாரம் ரேடியோவில் வயலினில் சஹானா போட்டார்கள். நம்முடையது மரப்பெட்டி ரேடியோ, பதிவு செய்யும் வசதி அதில் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் டேப் ரெக்கார்டரின் மைக்கை வைத்து, வீட்டில் யாரும் பாத்திரத்தை உருட்டக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். சிரிக்க வேண்டாம், நல்ல சங்கீதத்துக்கு அதுவும் ஒரு மரியாதை. முழுக்கப் பதிவாகியிருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். சஹானா இறங்கும்போது நேரே இறங்காது. மத்தியமத்திலிருந்து காந்தாரத்துக்கு வந்ததும், என்னவோ மறந்துவிட்ட மாதிரி திரும்பவும் மத்தியமத்துக்குப் போய்விட்டுத்தான் ரிஷபத்துக்கு வரும். எனக்கு அந்த ஓர் இடம் போதும்.

கேசட்டைக் கிளினிக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ராகம் உங்கள் வீட்டு வாசல்படி ஏற வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகலை


மார்ச் 10

அன்புள்ள சகலைக்கு,

குட்டு உடைந்துவிட்டது. பதறாதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

கேசட்டை நான் வீட்டு வாசல்படி ஏற்றவில்லை. வீடுதான் கிளினிக் வாசல்படி ஏறிவிட்டது. கல்யாணமான நாள் முதல் உங்கள் கொழுந்தியாள் என்னிடம் பல்லைக் காட்டியதில்லை. நான் சொல்வது வைத்தியத்துக்கு. வீட்டுக்காரனிடம் போய் வாயைத் திறந்துகொண்டு படுப்பதா என்று கௌரவம். நேற்று கடைவாய்ப் பல் வலி பொறுக்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திடுதிப்பென்று வந்துவிட்டாள். அவளை நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, வாய் மரத்ததும் பஞ்சை வைத்து, குடைய ஆரம்பித்தேன். வெளியே காத்திருந்தவர்களுக்காக நர்ஸம்மா கேசட்டைப் போட்டார். எந்தக் கேசட் என்று சொல்ல வேண்டுமா?

என் இரண்டு கையும் அவள் வாய்க்குள். நிறுத்தச் சொல்லிக் கத்தினால் நோயாளி மிரண்டுவிடுவாள், அதுவும் இந்த நோயாளி. சரி, பெண்டாட்டிதானே, கடித்தால் கடிக்கட்டும் என்று மெஷினை ஓட்டினேன். அவள் கண்ணை அகல விழித்து என்னைப் பார்த்தாள், பிறகு விட்டத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வலிக்கிறதா என்றேன். இல்லையென்று தலையாட்டி, மெஷினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள். நிறுத்தினேன். அப்போதுதான் எனக்கும் கேட்டது.

சகலை, உங்கள் சஹானாவில் வயலின் மட்டும் இல்லை. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது அண்ணி, உங்கள் வீட்டம்மாதான், அந்தப் பக்கம் வந்து எதையோ மடித்து வைத்துக்கொண்டே கூடவே முணுமுணுத்திருக்கிறார்கள். மெல்லியதாக, ஆனால் தெளிவாக விழுந்திருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த இடத்தில், திரும்பிப் போய் ரிஷபத்துக்கு வரும் இடத்தில், வயலின் ஓரிடத்திலும் அண்ணி கொஞ்சம் கீழேயும் நின்றார்கள்.

உங்கள் கொழுந்தியாள் பஞ்சைத் துப்பிவிட்டு, மரத்துப்போன உதட்டோடு குழறிச் சொன்ன முதல் வார்த்தை, “சுதி சேரல.”

நான் பயந்தேன். ஒன்பது வருஷத்துப் பழி தீர்ந்தது என்று சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பப் போடச் சொன்னாள். கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். வாயின் ஒரு பக்கம் கோணிக்கொண்டிருக்க, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நர்ஸம்மா நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று என்னை முறைத்தார்.

மீதியை அவளே எழுதுவதாகச் சொல்லி இந்தத் தாளைப் பிடுங்குகிறாள்.

உங்கள் இளைய சகலை

அத்தான்,
நீங்கள் இரண்டு பேரும் செய்த திருட்டு வேலையைப் பிறகு பேசிக்கொள்வோம். அக்கா எத்தனை நாளாக இப்படிப் பாடுகிறாள்? அவளுக்குச் சுருதி விலகாது. காய்ச்சலில் படுத்துக்கொண்டு முணுமுணுத்தாலும் விலகாது, தூக்கத்தில் விலகாது. எனக்கு விலகும், ஊருக்கே விலகும், அவளுக்கு மட்டும் விலகாது. அது எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது, அதற்காகத்தானே அவளோடு பேசாமல் இருக்கிறேன். குரலில் ஒரு காற்றும் கேட்கிறது. ஜலதோஷம் என்று அவள் சொல்வாள், நம்பாதீர்கள். தொண்டை டாக்டரிடம் உடனே கூட்டிக்கொண்டு போங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.


மார்ச் 29

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். கண்ணாடிச் சட்டகம் பார்க்க வந்தவரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஜலதோஷம் என்றுதான் சொன்னாள். பிடிவாதம் பிடித்தாள். நான் அதைவிடப் பிடிவாதம் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். குரல்வளையில் சின்னக் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், நேற்று முடிவு வந்தது. இன்னும் கெட்டதாக மாறவில்லை, விட்டிருந்தால் மாறியிருக்கும், இந்த நிலையில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் என்னையே கேட்டார். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவன், பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, கம்மிய குரலை வயதாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேசட்டை நானே கேட்டிருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

சொல்ல வேண்டாம் என்று உங்கள் மனைவி எழுதியிருந்தாள். நான் சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்கு முதல் நாள், கடிதத்தையே கையில் கொடுத்தேன். தங்கை எழுதிய பகுதியை மட்டும் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அவளுக்குக் காது எப்பவுமே நல்ல காதுதான். நான் சொன்னதில்ல, அவ்வளவுதான்” என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. இனி ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாதாம். கிசுகிசுக்கவும் கூடாது, இருமவே யோசிக்க வேண்டுமாம். ஒரு சின்ன மணியைக் கையில் கொடுத்திருக்கிறேன். அதையும் தாளம் தப்பாமல் அடிக்கிறாள்.

குரல் பழையபடி வருமா என்று டாக்டர் இப்போதைக்குச் சொல்லவில்லை.

உங்கள் மூத்த சகலை


ஏப்ரல் 4

அன்புள்ள சகலைக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் உடனே பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். நானும் வரட்டுமா என்றேன். வேண்டாமாம். ஒன்பது வருஷம் கழித்துப் போகிறாயே, என்ன பேசப் போகிறாய் என்று கேட்டேன்.

“அவ ஒரு மாசம் பேச முடியாதில்ல. இதவிட நல்ல நேரம் எனக்கு எப்பக் கிடைக்கும்?” என்றாள்.

வேடிக்கையாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா, இன்னும் எனக்கு விளங்கவில்லை. வியாழக்கிழமை ரயிலில் வருகிறாள். பல்லை முழுக்க அடைத்தாயிற்று, அந்தக் கவலை வேண்டாம். வந்து இறங்கியதும் இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். இங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன், அவள் அணைக்கச் சொல்லவே இல்லை, அதனால் அதுவும் நன்றாக இல்லை.

உங்கள் இளைய சகலை


ஏப்ரல் 16

அன்புள்ள சகலைக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். நான் விளம்ப காலத்து ஆள் என்று நீங்களே சொன்னதுதானே.

உங்கள் மனைவி வந்த அன்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. சின்னவள் நேரே சமையலறைக்குப் போய், டப்பாக்கள் எல்லாம் இடம் மாறியிருக்கின்றன என்று குறை சொன்னாள். என் வீட்டம்மா கட்டிலிலிருந்து மணியை அடித்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, தங்கைக்குத் தெரிந்தது. “ஆமா, உன் இஷ்டப்படிதான் வச்சுக்கோ” என்று பதில் சொன்னாள். அன்று முதல் வீட்டில் ஒரு மணியும் ஒரு வாயும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கின்றன. எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே அந்தச் சஹானாவை எடுத்தாள். அன்றைக்கு விருந்தில் பாதியில் நின்ற அதே பாட்டு. குரல் கொஞ்சம் நடுங்கியது, வருஷக்கணக்காக மூடிவைத்த குரல் அல்லவா. இவள் முதலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அனுபல்லவியில் பார்க்கிறேன், கட்டில் சட்டத்தில் விரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

சரணம் வந்தது. ரிஷபத்துக்கு வரும் அதே இடம். சின்னவளுக்கு மறுபடியும் ஒரு நூல் இறங்கிவிட்டது. இந்தத் தடவை எனக்கே தெரிந்தது, அல்லது தெரிந்த மாதிரி இருந்தது. கட்டில் சட்டத்தில் தாளம் நின்றது. தடுக்கலாமா, இருமலாமா என்று நான் யோசிப்பதற்குள், “தெரியுது, தெரியுது” என்று உங்கள் மனைவி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அந்த அடியைத் திரும்ப எடுத்து, ரிஷபத்தில் வந்து நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள், சகலை. என் வீட்டம்மா தங்கையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அழக் கூடாது என்று சொல்லவில்லை.

குரல் வரும் என்று இப்போது டாக்டர் சொல்கிறார், பழைய உச்சம் வராதாம். வராவிட்டால் என்ன, நான் கீழே பாடிக்கொள்கிறேன், அவளும் கீழேயே பாடட்டும் என்கிறாள் உங்கள் மனைவி. மாத முடிவுவரை இங்கேதான் இருப்பாளாம். ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கைப் பூட்டிவிட்டு நீங்களும் வந்து சேருங்கள். கடிதங்களையெல்லாம் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். படித்துப் படித்துச் சிரிக்கிறார்கள், அதாவது ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி மணி அடிக்கிறாள்.

எனக்குப் பிடித்ததை நான் அனுப்புவதும், உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் அனுப்புவதும் நம் வழக்கம். இத்துடன் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். உறையின் மேல் பல் மருந்து என்று எழுதவில்லை. இந்தத் தடவை நான் தூங்கவுமில்லை, மைக்கை ரேடியோவுக்கு முன்னால் வைக்கவுமில்லை, நேற்று அவள் பாட ஆரம்பித்ததுமே மெல்லக் கட்டிலோரம் வைத்துவிட்டேன். பாட்டோடு கூடவே மரத்தில் தட்டுகிற சத்தம் வந்துகொண்டிருக்கும். ஓரிடத்தில் அது நின்றுபோய் மறுபடி தொடங்கும். பதிவில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகலை