பதிமூன்று ஆம்பியருக்குப் போட்ட ஒயர்

என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து ஐடிஐ வாசல்வரை மிதித்த என் தேவா அண்ணனுக்கு,

"எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் பொண்ணா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தபோது, "என் தங்கச்சி ஏணி மேல ஏறுவா, நீங்க கீழ நின்னு பாருங்க" என்று சொன்னவன் நீ. காஞ்சிபுரத்தில் எத்தனையோ பேர் ஒயரிங் செய்ய இருந்தும், உன் சாயப்பட்டறையை என் கையில்தான் கொடுத்தாய். அதனால்தான் இதை எழுத இவ்வளவு கசக்கிறது.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். அண்ணி பட்டறையை மறுபடி திறக்கிறார். நூலுக்குச் சாயம் போடத் தறிக்காரர்கள் கேட்டு வருகிறார்கள். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, வீட்டுப் பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். உள்ளே சாயத்தொட்டித் தண்ணீரைக் காய்ச்சுகிற ஹீட்டர்.

"நல்லாதான் இருக்குது எஸ்தரு. புதுசு எதுக்கு? இதையே மாட்டிக் குடு."

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தீப்பிடித்த அன்றைக்கே அது எரிந்துபோனது, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று நீதானே அண்ணா சொன்னாய்?

அந்தத் தீயில் சுவரோர ஒயர் உருகி, உலரப் போட்டிருந்த பட்டு நூலில் பற்றி, கூரை சரிந்தது. உன் வலது கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் உனக்குச் சோறு ஊட்டியது நான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நீ ஒன்றையே சொன்னாய். "ஒயரிங்ல ஏதோ கோளாறுபா. என் தங்கச்சி போட்டது. வுடுங்க, சின்னப் பொண்ணு." என்னைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு என்னை யார் வேலைக்குக் கூப்பிட்டார்கள்? நம் சர்ச்சுக்குப் புது ஃபேன் போட வாலாஜாபாத்திலிருந்து ஆள் வந்தார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவர் ஏணி ஏறுவதைப் பார்த்தேன். எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமலே என்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில்தான் நீ இருந்தாய். ஒரு வார்த்தை சொன்னாயா?

ஹீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் தகட்டில் மூவாயிரம் வாட் என்று இருந்தது. ஒயரிங் போடச் சொன்ன அன்றைக்கு நீ என்னிடம் சொன்னதும் அதுதான். மூவாயிரத்தை இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் கரண்ட் பதிமூன்று ஆம்பியர். அந்தப் பதிமூன்றுக்கு ஏற்ற ஒயர்தான் நான் போட்டது. அதிகம் இழுத்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்சும் வைத்தேன்.

கொல்லையில் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து, தடித்த ஒயரில் ஹீட்டரை இணைத்து, கரண்ட் அளக்கிற மீட்டரை அந்த ஒயரில் கவ்வவிட்டேன். வோல்ட் இருநூற்று முப்பது. ஆம்பியர் இருபத்தாறு.

மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வேறொரு மீட்டர் வைத்தும் அதே இருபத்தாறு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தேன். தடை ஒன்பது ஓம் கூட வரவில்லை. பதினேழரைக்கு மேல் இருக்க வேண்டிய ஹீட்டர் அது. பெருக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஆறாயிரம் வாட். தடை பாதியானதால் கரண்ட் இரண்டு மடங்கு. இணைப்பைப் பிடுங்கி மூடியைக் கழற்றினேன். சூடேறுகிற பழைய கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் இன்னொரு காயில், யாரோ பட்டறையில் வைத்துப் பொருத்தியது.

அண்ணியிடம் ஓடினேன்.

"இதுல ரெண்டாவது காயில் யார் போட்டது அண்ணி?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தண்ணி காய நேரமாவுதுன்னு ஒங்கண்ணன்தான் போட்டாரு. அப்புறம் அடிக்கடி ட்ரிப் ஆவுதுன்னு நீ வெச்சத எடுத்துட்டுப் பெரிய சுவிட்ச மாத்திக்கினாரு."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். தொழில் பண்றவன் பேரு கெட்டா யாரும் நூல் தர மாட்டாங்க, எஸ்தருக்கு வேற வேலை கெடைக்கும்னாரு." பிறகு சொன்னார்: "அவரே போயிட்டாரு. இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது?"

"எனக்கு ஆவும் அண்ணி."

இருபத்தாறு ஓடியும் அந்தப் பெரிய சுவிட்ச் விழாததால்தான் என் ஒயர் உருகியிருக்கிறது. இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே தெரிந்திருக்கிறது. உன் நெஞ்சு நின்ற அன்றைக்கு உன் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னால வந்த தீயிலதான் நீ ஒடஞ்சிபோன" என்று அழுதேனே. அப்போதும் அண்ணி வாயைத் திறக்கவில்லை.

நேற்றுப் புதுப் பட்டறைக்குத் தறிக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அதே ஹீட்டரைத் தடித்த ஒயரில் மாட்டி, மீட்டரை அவர்களையே படிக்கச் சொன்னேன். இது எவ்வளவு இழுக்கிறது, நான் எவ்வளவுக்கு ஒயர் போட்டேன், எத்தனை வாட் என்று சொல்லிப் போடச் சொன்னார்கள் என்று நிதானமாகச் சொன்னேன். "அந்தத் தீ என் ஒயரிங்கால வரல" என்றேன்.

அவர்களில் பெரியவர் கேட்டார். "அப்ப யாரால வந்ததுமா?"

இத்தனை கோபத்தோடு வந்தவள், உன் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றேன். ஏன் அண்ணா? நீ எனக்கு அப்படிச் செய்த பிறகும் ஏன்?

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "எங்க வூட்டுக்காரரால. எனக்கும் தெரியும். நானும் சொல்லல."

நான் ஹீட்டரை அணைத்தேன்.

பட்டறை ஒயரிங்கை நானே செய்கிறேன். அண்ணிக்காக என்று சொல்ல மாட்டேன், அவரோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் உனக்கு மெழுகுவத்தி ஏற்ற வருவார்கள். இந்த வருஷம் நான் வர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். இனி அந்தத் தீயைப் பற்றி யார் கேட்டாலும், அண்ணி சொல்லட்டும் என்று நிற்க மாட்டேன். உன் பெயரை நானே என் வாயால் சொல்வேன்.

நீ பழி போட்ட பிறகும் உனக்குத் தங்கையாகவே இருக்கிற,
எஸ்தர்