செருப்பைக் கழற்றி ஏறிய படகு

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஷர்மிளாவுக்கு அப்பா எழுதுவது.

அம்மா நலம். என்னைப் பற்றி நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதை விடு. நீயும் மாப்பிள்ளை இளம்பரிதியும் மஸ்கட்டில் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறோம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் பேசினால் எனக்கு மறுபடியும் பொய் வந்துவிடும். எழுதும்போது வராது, உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத்து கலங்கலாக இருந்தால் பெரிதாக்கிப் படி.

முதலில் விஷயம். வெள்ளிக்கிழமை அந்த வெள்ளைப் படகுக்குப் பணம் அனுப்பாதே. நேற்று போனில் நான் சொன்ன காரணம் பொய். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நீயும் மாப்பிள்ளையும் கடலில் போக வாங்கப்போகிற படகைப் பார்க்க, ஜூலையில் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று என்னைக் கொச்சிக்கு அனுப்பினாய். வெள்ளை ஒன்று, பச்சை ஒன்று, இரண்டு பாய்மரப் படகு பார்த்து வைத்திருக்கிறேன், நீ போய்ப் பார்த்துவிட்டு வா, அந்தப் படகுத்துறையில் ரிப்பேர் வேலை செய்கிற ஜெயசீலன் என்பவரைக் கூட வைத்துக்கொள் என்றாய். மாப்பிள்ளையிடம், எங்கப்பா தோல் செலக்‌ஷன் பண்றவரு, கைய வெச்சாலே சொல்லிடுவாரு என்று நீ பெருமையடித்ததும் போனில் என் காதில் விழுந்தது. அதுதான் தலைக்கு ஏறிவிட்டது.

ஜோலார்பேட்டையில் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தேன். ஜெயசீலன் வெளியூரில் இருந்தார். நாளைக்குக் காலைல வந்துடறேன், இருங்க சார் என்று போனில் சொன்னார். நான் இருக்கவில்லை. பரவாயில்ல, நானே பாத்துக்கறேன், எனக்கு இதெல்லாம் பழக்கம்தான் என்றேன். எது பழக்கம்? பாலாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கப் பாலத்தில் கூட்டம் கூடுகிற ஊர்க்காரன் நான்.

அடுத்தவர் வீட்டுக்குள் போகிற மாதிரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படகில் ஏறினேன். அங்கே எல்லாரும் ஷூ போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள். வெள்ளைப் படகின் மேல்தளத்தில் கால் வைத்ததும் பாதத்துக்கு மெத்தென்றிருந்தது. குனிந்து கட்டைவிரலால் அழுத்தினேன். லேசாக அமுங்கி மேலே வந்தது. ஃபேக்டரியில் தரம் பிரிக்கிற எங்கள் மேஜையில் அப்படி ஒரு தோல் வந்தால் எடுத்துத் தனியாக வைப்போம், அது எக்ஸ்போர்ட்டுக்கு. பச்சைப் படகு கல்லு மாதிரி இருந்தது. பெயின்ட் உரிந்து கிடந்தது. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் முட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் படகு சின்னதாக இருக்க வேண்டும், காற்று வலுத்தால் நீங்கள் இருவர் மட்டுமே பாயை இறக்குகிற மாதிரி இருக்க வேண்டும், அடிப்பாகம் கனமாக இருந்தால்தான் சாய்ந்தாலும் நிமிரும் என்று எத்தனை தடவை சொன்னாய். நான் பார்த்தது இரண்டு ரூம், கேஸ் அடுப்பு, அம்மா வந்தால் தலை இடிக்காமல் நிற்கிற உயரம். பெண் கொடுக்கிற இடத்தில் வீடு பார்க்கப் போனவன் மாதிரி பார்த்துவிட்டு, வெள்ளை ஏ கிரேடு, தைரியமா வாங்கு, பச்சை ரிஜெக்ட் என்று உனக்கு மெசேஜ் போட்டேன்.

அதோடு விட்டேனா? ஃபேக்டரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ரஃபி அகமது இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. இன்னா கேப்டன், கப்பல் எப்ப கெளம்புது என்றுதான் கேட்கிறான். நீ கிளம்புகிற அன்றைக்கு பிரியாணி செய்து தெருவுக்கே கொடுப்பதாகப் பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் உனக்குச் சொல்லாமல் மறுபடி கொச்சிக்குப் போனேன். படகுக்குள்ளே இருக்கிற பெஞ்சுகளுக்கு நல்ல தோலில் உறை தைத்துப் போட வேண்டும், நீ வந்து பார்க்கும்போது அசந்து போக வேண்டும் என்று ஆசை. அளவெடுத்துக்கொண்டிருந்தபோது ஜெயசீலன் வந்தார். நேரில் பார்த்ததில்லை அல்லவா, ஜூலையில் போனில் பேசியவன் நான்தான் என்று தெரியாமல், உறை தைக்க வந்த ஆள் என்றே நினைத்துக்கொண்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே சின்னச் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டு போனார். ஓரத்தில் டக் டக் என்றது. நான் அன்றைக்குக் கால் வைத்த இடத்தில் தொப் தொப் என்றது. ஆடிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த மரம் டீயில் நனைத்த பொறை மாதிரி விரலோடு வந்தது. மேலேயும் கீழேயும் ஃபைபர், நடுவில் லேசான மரம் வைத்துத்தான் தளம் செய்வார்களாம். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி இறங்கி மரம் உளுத்துவிட்டது. மெத்துன்னு இருந்தா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம் சார் என்றார். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகளும் அந்தத் தளத்தில்தான் மாட்டியிருக்கின்றன. நடுக்கடலில் பலமாகக் காற்றடித்தால் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பாய்மரம் உங்கள் தலைமேல் சாயும்.

இத யாரு சார் பாத்து ஓகே பண்ணது என்று கேட்டார். யாரோ மெட்ராஸ்காரர் என்றேன். அந்த ஆளு கடலையே பாத்திருக்க மாட்டான் என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரித்தேன் பார், அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது.

ஊருக்கு வந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. நேற்று நீ வெள்ளிக்கிழமை பணம் அனுப்புவதாகச் சொன்னதும் பதறிப்போய், அந்தப் படகு வேண்டாம் என்றேன். ஏம்ப்பா என்று கேட்டாய். நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நமக்கெல்லாம் கடல் எதுக்கும்மா, ஜனங்க இன்னா நெனப்பாங்க என்று பழைய பாட்டையே பாடினேன். எனக்குத் தெரியும்ப்பா, நீ மனசார சரின்னு சொல்லல, இனிமே உன்னக் கேக்கல, நான் வாங்கத்தான் போறேன் என்று போனை வைத்துவிட்டாய். உன் குரல் உடைந்திருந்தது. என் கௌரவத்தைக் காப்பாற்ற உன் ஆசையின் மேல் பழியைப் போட்டேன்.

ஆரம்பத்தில் நான் வேண்டாம் என்றது உண்மைதான். உன் சித்தப்பாவிடம் படகு என்று சொல்லக் கூச்சப்பட்டு, சென்னையில் ஃப்ளாட் பார்க்கிறாள் என்று புளுகியவன்தான் நான். ஆனால் ஜூலையில் அந்தப் படகில் வெறுங்காலோடு நின்றபோது கடல் பக்கமிருந்து காற்று வந்தது. நம்ம ஷர்மி இதில் போகப்போகிறாள் என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏ கிரேடு என்று போட்டது மனசாரத்தான் கண்ணு. அதை மட்டும் நம்பு.

இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பக் கழட்டும்போதே மூளையையும் சேத்துக் கழட்டி வெச்சிட்டீங்களா என்று கேட்டாள். அப்புறம் கூடுதலாக இரண்டு இட்லி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு ஜெயசீலனுக்குப் போன் போட்டு, அந்த மெட்ராஸ்காரன் நான்தான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பச்சைப் படகு இன்னும் அங்கேதான் நிற்கிறதாம். பாக்க நல்லா இருக்காது, ஆனா அடி கெட்டி, தளம் கெட்டி, ரெண்டு பேருக்குப் போதும், மக வந்து அவங்களே ஏறிப் பாக்கட்டும் என்றார். நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நீயே தட்டிப் பார், அவரைக் கேள். நீ பார்க்க வரும்போது என்னையும் கூப்பிட்டால் வருவேன். கையைக் கட்டிக்கொண்டு கரையிலேயே நிற்பேன். கூப்பிடாவிட்டாலும் கோபமில்லை.

பெஞ்சுக்கு என்று வாங்கிய தோல் வீட்டில் இருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் தோல் விறைத்துப்போகும் என்று தெரிந்தும் ஆசையில் வாங்கிவிட்டேன். படகுக்கு அது ஆகாது. அதில் உங்கள் இருவருக்கும் செருப்பு தைத்து வாசலில் வைக்கிறேன். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போங்கள். திரும்பி வந்து போட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டவர் கூடவே இருந்து உங்களைக் கரை சேர்ப்பார்.

உன் அப்பா,
இருதயராஜ்