பின் சீட்டில் அம்மா

ஞாயிறு, இரவு பதினொன்றரை.

காரின் பதினான்கு இன்ச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பதினாறு இன்ச் அலாய் வீல் போட்டு நான்கு நாள்தான் ஆகிறது. அம்பத்தூர் டயர் கடைக்காரர் அன்றைக்கே கேட்டார்: "பாக்க கெத்தா இருக்கும் சார். ஆனா பின்னாடி ஆள் குந்துனா டயர் மேல பாடில ஒரசும். யார்னா குந்துவாங்களா?"

"யாரும் இல்லண்ணே, நான் மட்டும்தான்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

இன்று அம்மாவையும் அக்காவையும் பின்னால் உட்காரவைத்து, பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். முதல் வேகத்தடையிலேயே டயர் உரசிச் சர்ரென்று சத்தம். அக்கா சிரித்தாள். "இன்னாடா, புது டயர் இப்பவே அழுவுது?"

அம்மா சிரிக்கவில்லை. "என் வெயிட்டுதான் போல. நான் எறங்கி ஆட்டோவுல வந்துடட்டுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா உக்காரும்மா" என்று எரிந்து விழுந்தேன். அவள்மேல் எனக்கு என்ன கோபம்?

அப்புறம்தான் கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு வேகத்தடை வரும்போதும் அம்மா என் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்கினாள். தன் கனம் வண்டிக்குத் தெரியக்கூடாதாம். திரும்பி வரும்போதும் அப்படித்தான். தேய்ந்துபோன அந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

காலையில் முதல் வேலையாக, கடையில் விட்டுவந்த பழைய சக்கரங்களையே மாட்டச் சொல்ல வேண்டும். கடைக்காரர் அதற்குள் விற்றிருக்க மாட்டார். மாட்டும்போது, "யார்னா குந்துவாங்களா?" என்ற அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்டாரென்றால் தேவலை.